வளவு உறுதியை ஈடு வைத்து மா ஆலை போடலாமா? பிரான்சனிடம் எதைப் படிக்கிறது?

எழுவான்கரை:
அண்ணன்மார், களுவாஞ்சிகுடியில இடியப்ப மா பக்கெற் பண்ணி விற்கிற தொழில் தொடங்க யோசிக்கிறன். வளவு உறுதியை வங்கியில ஈடு வைத்தால் 15 லட்சம் வரும். அரைக்கிற மெஷினும் பொதி செய்யிற மெஷினும் அதுக்குள்ள வாங்கலாம். றிச்சர்ட் பிரான்சன் இசைத்தட்டு விற்ற மனிசன், விமானத் தொழில் ஒண்டும் தெரியாமல் 1984இல் வேர்ஜின் அட்லான்டிக் தொடங்கினவர். அவரைப் போலத் துணிஞ்சு இறங்கினால் சரிவரும்தானே?

வாவிக்கரை:
தம்பி, அவர் விமானம் வாங்கவே இல்லை. போயிங் கம்பனியிடம் பழைய 747 ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். ஒரு வருசத்தில தொழில் சரிவராட்டித் திருப்பிக் கொடுக்கலாம் என்று முதலே எழுதி வாங்கிக்கொண்டார். தோற்றால் எவ்வளவு போகும் என்பது முதல் பறப்புக்கு முன்னமே அவருக்குத் தெரியும். அந்தத் தொகையை இசைத்தட்டுக் கம்பனியின் இலாபம் தாங்கும்.

அப்படி இருந்தும் இடைஞ்சல் வந்தது. சோதனைப் பறப்பில பறவைகள் உள்ளே போய் ஒரு எஞ்சின் பழுதாகிற்று. சான்றிதழ் கிடைக்காத விமானத்துக்குக் காப்புறுதி இல்லை. 6 லட்சம் ஸ்டேர்லிங் பவுண் கைக்காசாப் போனது. அதே காலத்தில வங்கியும் மேலதிகப் பற்றை (கணக்கில உள்ளதுக்கு மேல எடுக்கவிடுற கடனை) நிறுத்தப் பார்த்தது. இலாபத்தில ஓடின தொழிலே கையில காசில்லாமல் விழப் பார்த்தது. அதுக்குப் பிறகுதான் ஒரு வங்கியை மட்டும் நம்பாமல் வேறு வங்கிகளோட பெரிய கடன் எல்லைக்கு ஒழுங்கு செய்தார்.

இப்ப உங்கட கணக்குக்கு வருவம். 15 லட்சமும் மெஷினுக்குப் போகுது. நாளைக்கு 50 கிலோ, அடக்கவிலை கிலோ 300 ரூபா என்று வையுங்கோ. ஒரு நாளைக்கு 15,000. கடைகள் 45 நாள் கடனுக்கு எடுத்தால், முதல் காசு வர முன்னம் 675,000 ரூபா வெளியில நிற்கும். அந்தக் காசு உங்கட திட்டத்தில எங்க இருக்கு? சிறு தொழில் கனக்க நிற்கிறது இந்த இடத்திலதான். மெஷின் இருக்கும், அரிசி வாங்கக் காசிராது.

என்ர அபிப்பிராயம்: உறுதியைத் தொடாதீங்க. முதல் மூன்று மாசம் மெஷின் வாங்காமல், வேறு ஆளின்ர மில்லில கூலி கொடுத்து அரையுங்கோ. முத்திரை குத்தின தராசு ஒன்று, கையால அழுத்துற சீலர் ஒன்று போதும். அதுதான் உங்கட திருப்பிக் கொடுக்கக்கூடிய 747.

மருதமுனைத் தறி:
இதோட இன்னொன்று. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிஞ்சால் அது பெயர்ப் பதிவு மட்டும்தான். தொழில்ட கடன் முழுக்க உங்கட சொந்தக் கடன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரரோடயும் வரையறுக்கப்பட்ட கம்பனி தொடங்கலாம், அதில தொழில்ட கடன் கம்பனியோட நிற்கும். பிரான்சன்ட செய்மதி ஏவுற கம்பனி வேர்ஜின் ஓர்பிட் 2023 ஏப்ரலில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது, வேர்ஜின் அட்லான்டிக் பாட்டுக்குப் பறந்துகொண்டுதான் இருந்தது. கம்பனிகளைத் தனித்தனியா வைத்ததன் பலன் அது.

ஆனால் கவனம். கடன் தர வங்கி கம்பனிப் பணிப்பாளரிட்ட, அதாவது உங்களிட்ட, தனிப்பட்ட பிணை கேட்கும். அதில கையெழுத்து வைத்தால் அந்தக் கடனுக்கு உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. உறுதி தாய் தகப்பன் பெயரில இருந்தால் ஆபத்தை எடுக்கிறது நீங்க இல்லை, அவங்க. 1971இல் ஏற்றுமதிக்கென்று காட்டின இசைத்தட்டுகளை உள்ளூரிலேயே விற்று வரி ஏய்த்ததுக்குப் பிரான்சன் பிடிபட்டார். ஓர் இரவு மறியல். தாய்தான் வீட்டைப் பிணை வைத்து வெளியில எடுத்தவ. அவரைப் புகழ்ற ஆட்கள் இதையும் சொல்லவேணும்.

எழுவான்கரை:
விளங்குது. கூலிக்கு அரைக்கிறதெண்டால் எதைப் பார்க்கவேணும்?

வட்டைக்காரன்:
முதலாவது, மிளகாய் அரைக்கிற அதே மெஷினில அரிசி போடவேணாம். அரிசிக்குத் தனி மெஷின் உள்ள மில்லைப் பாருங்கோ. இல்லாட்டி விடியக்காலை முதல் ஆளாப் போய், 2, 3 கிலோ குறுணல் போட்டு ஓடவிட்டு அதைக் கழிச்சுப்போடுங்கோ. ஒரு பக்கெற்றில காரம் மணந்தால் அந்தக் கடையை மறந்திரவேண்டியதுதான்.

அரிசியைக் கழுவி, 3 மணித்தியாலம் ஊறவிட்டு, நீரை நல்லா வடியவிட்டு அரைக்கிறது. ஈர மா கிடந்தால் புளிச்சுப்போகும், ஆனபடியால் அண்டைக்கே வறுக்கவேணும். கை விடாமல் கிளறுங்கோ. மா கையில ஒட்டாமல் உதிர்ந்தால் பதம். பிறகு அரிச்சு, முழுக்க ஆறவிட்டுத்தான் பொதி செய்யிறது. சூட்டோட கட்டினால் உள்ளே வேர்த்து, கட்டி பட்டு, பூஞ்சணம் பிடிக்கும். வடகீழ்ப் பருவக்காற்று மழை நேரம் இது இன்னும் மோசம், அந்தக் காலத்தில கொஞ்சம் கொஞ்சமா வறுங்கோ.

100 கிலோ அரிசிக்கு 100 கிலோ மா வரும் என்று கணக்குப் போடாதீங்க. வறுவலில ஈரம் போகும், அரிப்பில கப்பி நிற்கும். முதல் தரம் வறுத்து அரிச்ச மாவை நிறுத்துப் பார்த்து, அந்த நிறையை வைத்து விலை போடுங்கோ. பெரும்போக அறுவடை நேரம் நெல் விலை இறங்கும், அப்ப வாங்கி வைக்கக் கொஞ்சக் காசு ஒதுக்குங்கோ. நல்லாக் காயாத நெல்லை மட்டும் அடுக்கவேணாம்.

பக்கெற்றில நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி எல்லாம் இருக்கவேணும். பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிட்டு இடத்தைக் காட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. முதல் பத்துக் கடைக்கும் கைக்காசுக்கே கொடுங்கோ, கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்லை. அதில எத்தனை கடை திரும்பவும் காசு தந்து எடுக்குது என்று கொப்பியில எழுதுங்கோ. மெஷின் விலை விசாரிக்கிறது அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு.