துவைகல்லுக்குள் ஒரு இலை: இது புதைபடிவம்தானா?

பழைய கண்டக்டர், மேலூர்

எல்லாருக்கும் வணக்கம். நான் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். அதில் கடைசிப் பதினான்கு வருடம் மதுரை – சென்னை வண்டி. கல் என்றால் எனக்குத் தெரிந்தது கிலோமீட்டர் கல் மட்டும்தான். கேள்வி தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கொல்லைப்புறத்தில் துவைகல் போடலாம் என்று கீழவளவுப் பக்கம் ஒரு கல் பட்டறையில் கழிவுத் துண்டு ஒன்றை வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். ஓரத்தைச் சரி செய்யக் கொத்தனார் உளி வைத்து இரண்டு போடு போட்டார். ஆப்பத்தைப் பிட்ட மாதிரி கல் இரண்டாகப் பிளந்துவிட்டது. கொத்தனாரைத் திட்டத்தான் போனேன், உள்ளே பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. இரண்டு பக்கத்திலும், கண்ணாடியில் பார்ப்பது போல, ஒரே செடி. நல்ல கறுப்பு. முருங்கை இணுக்கு மாதிரி, இன்னும் பொடிசாக, கிளைக்குள் கிளையாகப் போகிறது. கொத்தனார் உளியைக் கீழே வைத்துக் கும்பிட்டேவிட்டார்.

எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி ஒரு பாதியில் கைப்பிடி அளவு உடைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு சார், “இது கோடி வருடத்துக்கு முந்தைய இலை, புதைபடிவம்” என்று சொல்லிக் கண்காட்சியில் வைத்துவிட்டார். இன்னொரு சார், “யாரோ பெயின்டில் வரைந்தது, எடு அதை” என்றாராம். பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கிறது.

இது நிஜமான இலைதானா? எத்தனை வருடம் இருக்கும்? நிஜமென்றால் அரசாங்கத்தில் ஒப்படைக்க வேண்டுமா? மீதிக் கல் கொல்லையில் கிடக்கிறது. அதன் மேல் துணி துவைக்கலாமா கூடாதா என்று வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள்.

---

நீரோட்டம்

ஐயா, வணக்கம். நான் போர்வெல் போட இடம் பார்த்துக் கொடுப்பவன். தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவன் இல்லை, நிலவியல் படித்துவிட்டுக் கருவி வைத்துப் பார்ப்பவன். (தேங்காய்க்காரருக்குத்தான் கூட்டம் அதிகம், அது வேறு கதை.) மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் நிறையக் குழிக்கு நின்றிருக்கிறேன். முதலில் செம்மண், அப்புறம் சுக்கான், அப்புறம் உளுத்த பாறை, அதற்குக் கீழே எத்தனை நூறு அடி போனாலும் கெட்டிப் பாறைதான். அந்தப் பாறையைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும்.

முதலில் பதில்: அது இலை இல்லை. பெயின்டும் இல்லை. இரண்டு சாரும் பாதி பாதி சரி என்று பேத்தியிடம் சொல்லுங்கள். பழசு என்றவர் கல்லைப் பொறுத்தவரை சரி, இலை இல்லை என்றவர் இலையைப் பொறுத்தவரை சரி.

கல்லில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்திருக்கிறது. அதில் மழைத்தண்ணீர் கசிந்து இறங்கும்போது, கரைந்திருந்த மாங்கனீசு கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சைடாகப் படிந்திருக்கிறது. அப்படிப் படியும்போது ஒரே சீராகப் படியாது. எங்கே ஒரு முனை நீட்டுகிறதோ அங்கேதான் அடுத்த துணுக்கு போய் ஒட்டும், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. குளிர் தேசத்தில் ஜன்னல் கண்ணாடியில் பனி பூப்பூவாகப் படிகிறதே, அதே கணக்கு. இதற்கு டென்ட்ரைட் என்று பெயர், மரம் என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. விரிசலின் இரண்டு சுவரிலும் ஒட்டிக்கொள்வதால்தான் பிளந்தபோது கண்ணாடிப் பிம்பம் மாதிரி இரண்டு பக்கமும் இருக்கிறது. கொத்தனார் உளி அந்த விரிசலைக் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். அவரைத் திட்டாதீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இலைக்கு நடுநரம்பு இருக்கும், ஓரம் ஓர் இடத்தில் முடியும். உங்கள் ‘செடி’யில் அப்படி எதுவும் இருக்காது, கிளை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டு, மெடிக்கலில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சொட்டு கறுப்பின் மேலும், ஒரு சொட்டு வெறும் கல்லின் மேலும் விடுங்கள். மாங்கனீசு என்றால் கறுப்பின் மேல் நுரைக்கும். பேத்தி கையால் செய்யட்டும்.

இப்போது வயது. உங்கள் கல்லில் கடுகு, மிளகு அளவில் சிவப்புப் பொட்டுகள் இருக்கின்றனவா? இருந்தால் அது கார்னெட் என்ற கனிமம், கல் ஆழத்தில் வெந்ததற்கு அடையாளம். காஷ்மீர் ஒயிட் என்று பெயர் போட்டு வெளிநாட்டுக்குப் போகிற நம்ம ஊர்க் கல்லிலும் இந்தப் பொட்டு உண்டு. (மேலூர்க் கல்லுக்குக் காஷ்மீர்ப் பெயர். விற்கிறவன் சாமர்த்தியம்.) மதுரையைச் சுற்றியிருக்கிற பாறைகள் எல்லாம் ஒரு காலத்தில் தரைக்குக் கீழே இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து வெந்தவை. சில இடங்களில் சூடு 900 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. இது நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்க்டிகா, நாம் எல்லாம் முட்டி மோதிக் கோண்டுவானா என்று ஒரே கண்டமாகச் சேர்ந்த நேரம். கல்லின் மூலச்சரக்கு அதைவிடப் பழசு. கடைசியாக அடுப்பேறியது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில் உலகத்தில் இலை என்று ஒன்றே கிடையாது. தரை மொட்டை. கடலில் மட்டும், பெரும்பாலும் எலும்பும் ஓடும் இல்லாத மெத்தென்ற உயிர்கள் இருந்தன. பாசி மாதிரியான முதல் செடிகள் தரையேறியது சுமார் 47 கோடி ஆண்டுக்கு முன். உருப்படியான இலை வர இன்னும் பல கோடி வருடம் ஆனது. சரி, ஒரு பேச்சுக்கு ஏதாவது ஓர் உயிர் அந்தப் பாறையில் மாட்டியிருந்தாலும், அந்தச் சூட்டில் அதன் உருவம் மிஞ்சியிருக்காது.

உங்கள் கறுப்புக் கிளை அவ்வளவு பழசும் இல்லை. மேலே இருந்த பாறையெல்லாம் கரைந்து ஓடி, இந்தக் கல் மேலே வந்து, விரிசல் விட்ட பிறகு வந்தது.

---

செக்கானூரணி

நல்ல விளக்கம் அண்ணே. ஆனால் நம்ம ஒத்தக்கடை ஆனைமலையை விட்டுவிட்டீர்களே. சமணர்கள் ஏவிய யானை சொக்கநாதர் அம்பு பட்டுக் கல்லானது என்று எங்கள் அப்பத்தா சொல்லும். நாகமலை பாம்பு, பசுமலை பசு. இன்னொரு ஆள் ஆனைமலை பழைய எரிமலை என்று வீடியோ போட்டிருந்தான். எது சரி?

---

நீரோட்டம்

எரிமலை இல்லை தம்பி, அந்த வீடியோவை விடு. பூமிக்கு அடியில் வெந்த பாறை, சுற்றியிருந்த மெத்துப் பகுதி மழையிலும் வெயிலிலும் கரைந்து போக, கெட்டியானது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேலே இருந்த பாரம் கரைந்து போனதும் பாறை விரிந்து, வெங்காயத் தோல் மாதிரி மேல்பரப்பு உரிவதால்தான் யானை முதுகு போல அந்த வழவழப்பு.

அப்பத்தா கதை எனக்கும் பிடிக்கும். யானை, பாம்பு, பசு என்று மூன்று உயிர் கல்லானதாகத் திருவிளையாடல் சொல்கிற ஊரில், நிஜமாகக் கல்லான நத்தை ஒன்றுகூட அந்த மலைகளில் கிடைக்காது என்பதுதான் வேடிக்கை.

---

திருமங்கலம் டீச்சர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் சார். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். சுண்ணாம்புக்கல் என்றால் கடல், சிப்பி என்றுதான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே போய்த் தேடினால் சிப்பி கிடைக்குமா? அப்புறம், 55 கோடி என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டும்.

---

நீரோட்டம்

டீச்சர், அங்கே கிடைக்காது. அதுவும் ஒரு காலத்தில் கடலடிச் சகதிதான், ஆனால் பக்கத்துப் பாறைகளோடு சேர்ந்து வெந்து, பளிங்கு மாதிரிச் சீனிக்கல்லாக மாறிவிட்டது. அரியலூர் சுண்ணாம்புக்கல்லை எடுத்துப் பார்த்தால் சிப்பி சிப்பியாகத் தெரியும், அது வேகாத கல். இரண்டும் கடைசியில் போவது சிமென்ட் ஆலைக்குத்தான்.

வயதுக்கு: இந்தப் பாறைகளில் சிர்கான் என்று மணல் துணுக்கை விடச் சின்னப் படிகம் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. உள்ளே போன யுரேனியம் தன் போக்கில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். இப்போது எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால் அந்தப் படிகம் எப்போது வளர்ந்தது என்று தெரிந்துவிடும். வட்டி விகிதமும் இப்போதைய பாக்கியும் தெரிந்தால் கடன் வாங்கிய தேதியைச் சொல்லிவிடலாம் இல்லையா, அப்படித்தான்.

---

பழைய கண்டக்டர், மேலூர்

தம்பி, நுரைத்தது! கறுப்பின் மேல் விட்ட சொட்டு சோடா மாதிரிப் பொங்கியது, வெறும் கல்லில் சும்மா கிடந்தது. சிவப்புப் பொட்டும் இருக்கிறது. பேத்தி நாலு தடவை செய்து பார்த்துப் பாட்டிலைக் காலி செய்துவிட்டாள். இலை இல்லை என்றதும் முதலில் முகம் சுருங்கியது. “இலையே பிறக்காத காலத்துக் கல்லுடா” என்று சொன்னதும் சரியாகிவிட்டது.

ஆனால் இந்தக் கோடிக் கணக்கு என் மண்டையில் ஏறவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். பூமிக்கு வயது 454 கோடி என்று பேத்தி புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் காலத்தில் வண்டி கோயம்பேட்டில்தான் எடுக்கும், அங்கிருந்து மாட்டுத்தாவணிக்குச் சுமார் 450 கிலோமீட்டர். அட, கிலோமீட்டருக்கு ஒரு கோடி! இது எனக்குத் தெரிந்த ரூட்டாயிற்றே. பேத்தி தேதி சொல்ல, நான் ஊர் சொன்னேன். கோயம்பேடு பூமி பிறந்தது, மாட்டுத்தாவணி இன்றைக்கு.

மேல்மருவத்தூர் தாண்டித் திண்டிவனம் வருவதற்குள் முதல் உயிர்த் தடம், ஆஸ்திரேலியாவில் பாசிப்படிவுப் பாறை, 348 கோடி. உளுந்தூர்பேட்டை தாண்டினால்தான் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பிக்கிறது. திருச்சியில் டீக்கு நிறுத்துகிறோம், அதுவரை கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு விலங்குகூட ஏறவில்லை. முக்கால்வாசி வழி காலி வண்டி! எனக்கு வயிறு எரிந்தது. இந்த கலெக்‌ஷனை டிப்போவில் கொண்டுபோய்க் காட்டினால் மெமோதான்.

துவரங்குறிச்சி தாண்டிக் கொட்டாம்பட்டிக்கு முன்னால் நம்ம கல் வேகிறது. கொட்டாம்பட்டியை ஒட்டித்தான் செடி தரையேறுகிறது. மேலூருக்குக் கொஞ்சம் தள்ளி டைனோசர் ஏறுது. ஒத்தக்கடை வருவதற்குள் கூட்டத்தோடு இறங்கிவிடுகிறது. மனிதன் மூன்று லட்சம் வருடம் என்றால் முப்பது மீட்டர், அதாவது வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நிற்கப் போகும்போது ஓடி வந்து தொற்றுகிறான். அரிட்டாபட்டி மலையில் தமிழி எழுத்து வெட்டியிருக்கிறார்களே, இரண்டாயிரத்து இருநூறு வருடம், அது இருபத்திரண்டு சென்டிமீட்டர். பஸ் படியின் அகலம்கூட வராது. என் முப்பத்தொரு வருட சர்வீஸ் மூன்று மில்லிமீட்டர். டிக்கெட் ஓரத்தில் நாங்கள் கிழிக்கிற கிழிசல் அதைவிடப் பெரிசு.

கணக்கு சரிதானா தம்பி? பேத்தி இதைச் சார்ட்டில் வரையப் போகிறாள். தப்பாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

---

நீரோட்டம்

ஐயா, பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கோயம்பேடு பஸ்ஸில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. கணக்கு சரி. ஒரே ஒரு திருத்தம். ஒத்தக்கடையில் டைனோசர் எல்லாம் இறங்கவில்லை. சின்னதாக, இறக்கையோடு இருந்த ஒரு கூட்டம் டிக்கெட் எடுத்து உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பறவைகள் அந்த வழி வந்தவைதான். உங்கள் வீட்டில் கோழி வளர்த்தால் பேத்தியிடம் காட்டுங்கள். இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்: ஒத்தக்கடையை ஒட்டி, சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன், இந்தியா ஆசியாவில் போய் முட்டுகிறது, இமயமலை எழும்பத் தொடங்குகிறது. ஆனைமலைக் கல் அதற்குப் பத்து மடங்கு மூத்தது. இமயமலைக்குப் போய் வந்தவர்கள் அலட்டினால் சொல்லிக்கொள்ளலாம்.

பேத்திக்கு நிஜமான புதைபடிவம் காட்ட வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குக் கூட்டிப் போங்கள். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகப் படுத்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டுபிடித்தது. வயது 12 கோடி ஆண்டு என்று போட்டிருப்பார்கள். அப்போது அங்கெல்லாம் கடல் உள்ளே வந்து வந்து போன காலம். ஆற்றில் அடித்து வந்த மரம் மணலில் புதைந்து, மரத்தின் அணு அணுவாக சிலிக்கா ஏறிக் கல்லாகிவிட்டது. சிவகங்கைப் பக்கமும் பழைய செடிகளின் இலைத் தடம் உள்ள படிவுகள் உண்டு, உங்களுக்குக் கிட்டத்தில். ஆனால் எங்கே தோண்டுவது என்று தெரியாமல் போனால் வெயில்தான் மிச்சம்.

போகும்போது ஒரு எச்சரிக்கை. பெரம்பலூர் பக்கம் உருண்டையாக ஏதாவது பார்த்துவிட்டு டைனோசர் முட்டை என்று போட்டோ போட்டுவிடாதீர்கள். 2020-இல் குன்னத்தில் அப்படித்தான் ஊரே திரண்டது. கடைசியில் கடலடி மண் உருண்டு இறுகிய கல் என்று ஆனது.

ஒப்படைக்கிற கேள்விக்கு: டென்ட்ரைட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். ஆனால் சாத்தனூரில் ஒரு சில்லுகூட எடுத்து வராதீர்கள்.

---

பழைய கண்டக்டர், மேலூர்

நல்லது தம்பி. கண்காட்சி மேசையில் சீட்டை மாற்றிவிட்டார்கள். பேத்தியே எழுதினாள்: “இலை போல் இருக்கும், இலை இல்லை. சொட்டு விட்டுப் பார்க்கவும்.” பக்கத்தில் ஒரு பாட்டில் பெராக்சைடு வைத்திருக்கிறாள், என் செலவில். பெயின்ட் என்று சொன்ன சார்தான் முதல் சொட்டு விட்டாராம்.

சாத்தனூர் அடுத்த மாதம் போகிறோம். பெரம்பலூரிலிருந்து உள்ளே போக டவுன் பஸ் நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடைசியாக வீட்டுக்காரி கேட்கச் சொன்னது: அந்தக் கறுப்பு வேட்டியில் ஒட்டுமா?

---

நீரோட்டம்

ஒட்டாது ஐயா. ஆனால் அது பேப்பர் கனம்கூட இல்லாத படிவு, அம்மா நாலு மாதம் அடித்துத் துவைத்தால் தேய்ந்து போகும். செடி இருக்கிற பாதியைச் சுவரோரம் நிறுத்திவைத்துவிட்டு, பட்டறையில் வேறு துண்டு வாங்கிவிடுங்கள். இந்தத் தடவை விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். கணீர் என்று கேட்க வேண்டும்.