திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கம் இருக்கிறவங்க கவனிங்க: உதவி வேணும்
பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோட ஆஸ்பத்திரிக்குத் துணையாப் போற குழுவுக்காகக் கேட்கிறோம். பரிசோதனையில உடுத்தியிருந்த துணியைத் தடயமா எடுத்துக்குவாங்க. வீடு திரும்ப மாத்துத்துணி இருக்காது. புது நைட்டி, உள்ளாடை, துண்டு, செருப்பு குடுங்க. பழசு வேண்டவே வேண்டாம், அந்த நேரத்துல அது மனசை இன்னும் நோகடிக்கும். பிரவுன் காகிதப் பையும் வேணும். ஈரத்துணியை பிளாஸ்டிக்ல கட்டினா பூஞ்சை பிடிச்சுத் தடயம் கெட்டுடும்.

கடைசி பஸ் போனபிறகு கிராமத்துலேர்ந்து கூட்டிவர நம்பிக்கையான ஆட்டோக்காரர் தேவை. கூட நிற்கப் பெண்களும் வேணும். ஆஸ்பத்திரியில "முதல்ல எஃப்.ஐ.ஆர். (போலீஸ் பதிவு செய்யற முதல் தகவல் அறிக்கை) கொண்டாங்க"ன்னு திருப்பி அனுப்பப் பார்த்தா, அது இல்லாமலே இலவசமாச் சிகிச்சை தரணும்னு சட்டம் இருக்குன்னு நிதானமா, விடாம பேசணும். பாதிக்கப்பட்டவங்க பெயர், தெரு எதுவும் யார்கிட்டயும் வாய்திறக்கக் கூடாது, வீட்டுலகூட.

முடிஞ்சவங்க உள்பெட்டிக்கு வாங்க. அவசரம்னா பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்க, எந்த நேரமும்.