ரேம் க்ளீனர் போட்டா வேகம் கூடுதா? பாத்தவங்க சொல்லுங்க

கூட வேலை பாக்குறவரோட பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க் தான். அதுல ஒரு ரேம் க்ளீனர், அதாவது ரேமைக் காலி பண்ணி வேகத்தைக் கூட்டுறேன்னு சொல்ற சாஃப்ட்வேர், போட்டிருந்தாரு. பட்டனை அமுக்குனா 85 சதவீதம் இருந்த ரேம் உபயோகம் சர்ருன்னு 40க்கு இறங்குது, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா திரும்ப ப்ரவுசருக்குப் போனா ஒரு டேப் மாத்துறதுக்குள்ள டிஸ்க் லைட் விடாம மின்னுது. விண்டோஸோட ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு மறுபடி அமுக்கச் சொன்னேன், ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேம்ல இல்லாததை டிஸ்க்ல இருந்து எடுக்குற தடவைங்க) கிராஃப் மேல போய் ஒட்டிக்கிச்சு. அது செய்யுற வேலை இவ்வளவுதான்: ஒரேயடியா பெருசா மெமரி கேக்குது, விண்டோஸ் வேற வழியில்லாம மத்த ப்ரோக்ராம் ரேம்ல வச்சிருக்குறதை பேஜ்ஃபைலுக்கு (ரேம்ல இருந்து வெளிய தள்ளுறதை வைக்கிற டிஸ்க் ஃபைல்) தள்ளுது, கேஷையும் (டிஸ்க்ல படிச்சதை மறுபடி தேவைப்படும்னு ரேம்ல வச்சிருக்குறது) காலி பண்ணுது, உடனே இது வாங்குனதைத் திருப்பிக் குடுத்துட்டு பாரு எவ்ளோ ஃப்ரீன்னு காட்டுது. தள்ளுனதை எல்லாம் டிஸ்க்ல இருந்து திரும்ப யாரு கொண்டு வர்றது? நாம தான் காத்துக்கிட்டு உக்காரணும்.

---

இந்த வியாபாரம் ரொம்பப் பழசு பாஸ். 1995ல சாஃப்ட்ரேம் 95னு ஒண்ணு ரேமை ரெட்டிப்பாக்குறேன்னு சொல்லி லட்சக்கணக்குல வித்துச்சு, பிரிச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல, அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் வரைக்கும் போச்சு.

---

லினக்ஸ் சர்வர்லயும் இதே கூத்து தான். புதுசா வர்றவங்க மெமரி கணக்குல 'free'ங்கிற காலம்ல (column) எண் கம்மியா இருக்குன்னு பதறிப் போயி கேஷைக் காலி பண்ற கமாண்டை க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட வைக்கிறது) போட்டு விட்டுருவாங்க. அது ஓடி முடிச்சதும் டேட்டாபேஸ்ல முதல் க்வெரி தவழும், ஏன்னா எல்லாத்தையும் டிஸ்க்ல இருந்து திரும்பப் படிக்கணும். பாக்க வேண்டியது 'available'ங்கிற காலம். கேஷ்ல இருக்குறது தேவைப்பட்டா உடனே விட்டுக் குடுக்குற மெமரி தானே, அதைக் காலியா வச்சிருந்தா யாருக்கு லாபம்?

---

ஒரு விஷயத்துல மட்டும் நான் மாறுபடுறேன். மெமரி லீக் ஆகுற, அதாவது வாங்குன மெமரியைத் திருப்பிக் குடுக்காம மேல மேல வாங்குற, ப்ரோக்ராம் ஒண்ணு ஓடும்போது க்ளீனர் நிஜமாவே உதவுற மாதிரி தெரியும், ஏன்னா அது பிடிச்சு வச்சுட்டு தொடவே தொடாத பேஜ் (மெமரித் துண்டு) எல்லாம் ரேம்ல இருந்து வெளிய போயிரும், திரும்பி வராது. ஆனா லீக் நிக்காது, பேஜ்ஃபைல் வீங்கிக்கிட்டே போகும். டாஸ்க் மேனேஜர்ல கமிட்டட்ங்கிற எண்ணைப் பாருங்க, ப்ரோக்ராம்களுக்குத் தர்றதா ஒத்துக்கிட்ட மொத்த மெமரி அது, க்ளீனர் அமுக்குனாலும் அது அசையாது, அந்த ப்ரோக்ராமை மூடித் திறந்தா தான் இறங்கும்.

---

அந்த லேப்டாப் கதை என்னாச்சு?

---

க்ளீனரைத் தூக்கிட்டு ஸ்டார்ட்அப்ல வேண்டாததை நிறுத்துனோம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாத்துனாரு. ரேம் இப்பவும் 85ல தான் நிக்குது, யாரும் அதைப் பாக்குறதில்ல.