ரான் பால்னு டெக்ஸாஸ் டாக்டர் ஒருத்தரு, இவரு எந்தப் பக்கமுங்க?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கமுங்க. நான் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரிய 50 சதவீதம் ஆக்குன வாரத்துல டெக்ஸாஸ் பையர் ஒருத்தரு வீடியோ கால்ல வந்தாரு, சாம்பிள் பனியன கையில புடிச்சு தையலப் பாத்துக்கிட்டே "ரான் பால் பேச்சக் கேட்டிருந்தா இந்த வரி வந்திருக்காது"ன்னாருங்க. தேடுனா முன்னாள் காங்கிரஸ்மேன்னு இருக்குது, எங்கப்பாகிட்ட சொன்னா காமராஜர் காங்கிரஸா இந்திரா காங்கிரஸான்னு கேக்கறாரு, அங்க பார்லிமெண்ட்டுக்கே அதான் பேருன்னு சொன்னேன். ரிபப்ளிக்கன் கட்சி, கருக்கலைப்புக்கு எதிர்ப்பு, ஆனா ஈராக் போருக்கும் எதிர்ப்பாம். எல்லாத்துக்கும் வேண்டாம்னு ஓட்டுப் போட்டதால "டாக்டர் நோ"ன்னு பேரு வேற. அப்படிப்பட்டவர நல்ல எம்பின்னு சொல்ல முடியுமுங்களா?

பட்டறை அண்ணன் (கோவை):
தம்பி, அவர அரசியலுக்கு இழுத்ததே தங்கந்தான். அதுவரைக்கும் மத்த நாட்டு அரசாங்கம் 35 டாலர் குடுத்தா அமெரிக்கா ஒரு அவுன்ஸ் தங்கம் குடுக்கோணும், 1971 ஆகஸ்ட் 15ல ஜனாதிபதி நிக்சன் அத நிறுத்திட்டாரு. பிரசவம் பாத்துட்டிருந்த டாக்டர், 4000 கொழந்தைகளுக்கு மேல பொறக்க வெச்சவரு, இனி நோட்ட இஷ்டத்துக்கு அடிப்பாங்கன்னு கெளம்பி வந்துட்டாரு. 1976ல இடைத்தேர்தல்ல செயிச்சு அதே வருசம் நவம்பர்ல 300 ஓட்டுக்கும் கொறவா தோத்தாரு, 78ல திரும்ப செயிச்சாரு. 84ல செனட்டுங்கற மேல்சபைக்கு நின்னு கட்சிக்குள்ள வேட்பாளர் தேர்வுலயே தோத்து, 88ல அரசாங்கம் எதுலயும் அதிகமா தலையிடக் கூடாதுங்கற லிபர்டேரியன் கட்சில ஜனாதிபதிக்கு நின்னு, 97ல மறுபடி உள்ள வந்து 2013 வரைக்கும் இருந்தாரு. அவங்க ரிசர்வ் பேங்கையே மூடோணும்னு சொன்னவரு. அது நடக்கல, ஆனா அதோட கணக்க முழுசா ஆடிட் பண்ணோணும்னு அவரு கொண்டு வந்த மசோதா 2012ல கீழ்சபைல 327க்கு 98ன்னு செயிச்சுது, செனட்ல நின்னு போச்சு. மூசையில தங்கம் உருகறத தெனமும் பாக்கறவன் நானு, எடை கொறஞ்சா தராசு காட்டிக்குடுத்துரும், நோட்டுல கொறஞ்சா யாருக்குந் தெரியாது. அவரு சொல்றது எனக்கு நல்லாவே புரியுது.

வாய்க்கா மேடு (கோபி):
அண்ணா சொல்றது சரிங்க, மறுபக்கமும் சொல்லோணுமில்லீங்க. விவசாய மானியம் கூடாதும்பாரு அந்த மனுசன். விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துல மாட்டுவண்டியோட கோயமுத்தூர் போன ஊட்டுல பொறந்தவன் நானு, பம்ப்செட்டுக்கு கரண்ட் காசு கட்டோணும்னா எங்க மஞ்சக்காடு என்னாகறதுங்க? அத விடுங்க. கடை, ஓட்டல்ல நிறம் பாத்து ஒதுக்கக் கூடாதுங்கற 1964 சிவில் ரைட்ஸ் சட்டம் தனியார் சொத்து உரிமையில கை வெக்குதுன்னு 2004லயும் சொன்னாரு. டீக்கடைல ரெட்டை டம்ளர் பாத்த ஊருங்க நம்முளுது, அது கடக்காரன் இஷ்டம்னு விட்டிருந்தா இன்னைக்கும் இருந்திருக்கும். அவரு பேருல வந்த நியூஸ்லெட்டருல கறுப்பின மக்களப் பத்தி கேவலமா எழுதியிருந்துச்சு, நான் எழுதலன்னாரு, பேரு அவருதுதானுங்களே. இதுல எனக்கு சமாதானமே இல்லீங்க.

நொய்யல்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. அப்ப வரி விசயம்?

பட்டறை அண்ணன்:
வரி போட்டா அந்த நாட்டு சனந்தான் கட்டுதுன்னு எப்பவும் சொல்றவரு. அதுக்காக ட்ரேட் ஒப்பந்தம் எல்லாம் புடிக்கும்னு நெனச்சுராத, 2005ல மத்திய அமெரிக்க நாடுகளோட போட்ட ஒப்பந்தத்துக்கும் வேண்டாம்னுதான் ஓட்டு. வாங்கறவனும் விக்கறவனும் பேசிக்கட்டும், அரசாங்கத்துக்கு அங்க என்ன வேலைம்பாரு. நம்ம பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் வெச்சிருந்த ராஜாஜி சுதந்திராக் கட்சில பெர்மிட் லைசன்ஸ் கோட்டான்னு திட்டுனாரே, அந்த வாடை இவருகிட்ட அடிக்குது. கோபி தம்பி சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, அது தப்புதான். ஆனா 2002ல ஈராக் போர் ஓட்டெடுப்புல கீழ்சபைல அவங்க கட்சில ஆறே பேருதான் வேண்டாம்னாங்க, அதுல இவரு ஒருத்தரு. சொந்தக் கட்சி ஜனாதிபதிய எதுத்துப் போட்ட அந்த ஒரு ஓட்டுக்காகவே நான் அவர நல்ல எம்பின்னு சொல்லுவேன்.

வாய்க்கா மேடு:
அந்த ஓட்டுக்கு நானும் கை தட்டறேனுங்ணா. நல்ல எம்பின்னு மட்டும் சொல்ல மாட்டேன்.