கிட் காளான்: தண்டு நீளுகிறது, குடை விரியவில்லை

கேள்வி:
வீட்டில் வளர்க்கும் சிப்பிக் காளான் கிட், 2 கிலோ பை. வெள்ளைப் பூஞ்சண இழை (காளானின் வேர் மாதிரி) பை முழுக்கப் படர்ந்த பின் பையைக் கீறி 9 நாள் ஆகிறது. மொட்டு வந்தது. ஆனால் தண்டு விரல் நீளத்துக்குப் போகிறது, குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நிற்கிறது. ஓரத்து மொட்டுகள் சில பழுப்பாகிக் காய்ந்துவிட்டன. ஈரம் போகாமலிருக்க அட்டைப்பெட்டிக்குள் மூடி வைத்து, தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கிறேன். பைக்கு அடியில் மஞ்சள் நீர் வேறு. கெட்டுவிட்டதா?

பதில் 1:
கெடவில்லை, மூச்சு முட்டுகிறது. காளானும் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடைத்தான் விடும். மூடிய பெட்டியில் அது தேங்கினால் தண்டு நீளும், குடை விரியாது. வெளிச்சம் போதாவிட்டாலும் இப்படித்தான். பெட்டியை விட்டு வெளியே எடுங்கள். வெயில் நேரே படாமல், புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் இருந்தால் போதும். கீறலுக்கு மேல் ஒரு பாலித்தீன் பையைக் கூடாரம் மாதிரி தொளதொளவென்று கவிழ்த்து, விரல் நுழையும் அளவில் 8, 10 ஓட்டை போடுங்கள். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். தண்ணீரை அந்தக் கூடாரத்தின் உட்பக்கம் அடியுங்கள், மொட்டு மேல் வேண்டாம். குடையில் நீர் நின்றால் பாக்டீரியா புள்ளி விழும். நீண்ட தண்டு இனிக் குறுகாது, ஆனால் தாராளமாகச் சமைக்கலாம்.

பதில் 2:
காய்ந்த மொட்டுக்குக் காரணம் வறண்ட காற்று. மின்விசிறி நேரே அடிக்கிறதா பாருங்கள். கொத்தில் சில மொட்டு தானாகவே நின்றுபோவதும் உண்டு, அழுகுவதற்குள் கிள்ளிவிடுங்கள். மஞ்சள் நீர் பூஞ்சண இழை சுரப்பது, கொஞ்சம் இருந்தால் பயமில்லை. புளித்த நாற்றம் அடித்தால்தான் கவலை. பச்சைத் திட்டு தெரிந்தால் அது டிரைக்கோடெர்மா என்ற வேறொரு பூஞ்சை. துடைக்கவோ ஊதவோ வேண்டாம், தூள் பறந்து பரவும். பையோடு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பச்சை இல்லை, நாற்றமும் இல்லை. எப்போது பறிப்பது? இரண்டாம் முறை வருமா?

பதில் 3:
குடையின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும்போதே, கொத்தை அடியோடு திருகி எடுங்கள். ஓரம் மேலே வளைந்தால் தாமதம். காளானின் வித்து வெள்ளைத்தூளாகக் கொட்டும், மூடிய அறையில் இருமல் வரும். மிச்சமான அடித்தண்டைச் சுரண்டி எடுக்காவிட்டால் பூஞ்சை அங்கேதான் தொடங்கும். ஒரு வாரம் சும்மா விட்டு, பையைக் குளிர்ந்த நீரில் 6 முதல் 8 மணி நேரம் மூழ்கவையுங்கள். மிதக்கும், மேலே கனம் வைக்கவும். பிறகு நன்றாக வடியவிட்டு மறுபடி தெளியுங்கள். 2, 3 முறை வரும், முதல் அறுவடைதான் பெரிது.

பதில் 1:
ஊறவைத்த நீரை முழுக்க வடிக்காமல் கூடாரம் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் அறுவடை பெரும்பாலும் அங்கேதான் அழுகுகிறது.