புதுப்பிப்பு: கோளாறு என் நிரலில் இல்லை, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில்தான்

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தைக் கணக்கிடும் என் போர்ட்ரான் மொழி நிரல், கிளாஸ் என்று அறிவித்த (ஓடும்போதுதான் வகை தெரியும்) அலோகேட்டபிள் மாறியை (ஓடும்போது நினைவகம் ஒதுக்கப்படுவது) இன்னொன்றுக்கு இட்டபின் ஏன் விழுகிறது, அதாவது பாதியில் நின்றுவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

நிரலை வெட்டி வெட்டி 30 வரிக்குக் கொண்டுவந்ததும் பிடிபட்டது. வழிவந்த வகைக்குள் (இன்னொரு வகையை நீட்டி உருவாக்கியது) இருக்கும் மழை அளவு அணியை கம்பைலர் புதிதாகப் பிரதி எடுக்கவில்லை. பழைய நினைவக முகவரியையே கொடுத்திருக்கிறது. பிரதியில் கல்லடி ஊருக்கான முதல் எண்ணை 12 இலிருந்து 99 ஆக மாற்றினேன், மூலத்திலும் 99! ஒரே இடத்தை இருமுறை விடுவிக்கப் போய்த்தான் விழுந்திருக்கிறது. இப்படி நேரடியாக இடுவதை போர்ட்ரான் 2008 தரமே அனுமதிக்கிறது.

நேரடியாக இடாமல் சோர்ஸ் கொடுத்து அலோகேட் செய்யச் (நினைவகம் ஒதுக்கும்போதே மூலத்தைப் பிரதி எடுக்கச்) சொன்ன அண்ணாவுக்கு நன்றி. அதிலும் இதே கோளாறுதான். சரி, இப்போதைக்கு செலக்ட் டைப் (மாறியின் உண்மையான வகையைப் பார்த்துப் பிரியும் கட்டளை) போட்டு அணியை நானே பிரதி எடுக்கிறேன், ஓடுகிறது. அந்த 30 வரியையும் கம்பைலர் எழுதுபவர்களுக்கு நேற்றிரவு அனுப்பிவிட்டேன்.