புதுப்பிப்பு: வெளுத்துப்போன மொறிஸ் மைனர் டாஷ்போர்ட்

என் 1958 மொறிஸ் மைனர் காரின் டாஷ்போர்டிலும் கதவின் உள்தகடுகளிலும் லாக்கர் பெயின்ட் அடித்ததும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது என்று எழுதியிருந்தேன். காரணம் ஈரக்காற்றுதான். பெயின்டை இளக்கக் கலக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்ட் மேல் படிந்துவிடுகிறது. கொழும்பில், அதுவும் மழை விட்ட மாலையில் அடித்தால் வேறென்ன ஆகும்?

மெதுவாகக் காயும் தின்னரைப் போடச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. கார் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். நல்ல வெயில் ஏறிய பிறகு ஒரு மூலையில் மெல்லிசாக அடித்துப் பார்த்தேன். வெள்ளைப் படலம் கண்முன்னே கரைந்து, அடியிலிருந்த பச்சை பளிச்சென்று வந்தது! அப்புறம் முழுவதும் அடித்தேன். துருப்பிடித்த கதவின் கீழ்விளிம்பை மட்டும் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து பிரைமரோடு (அடிப்பூச்சோடு) வைத்திருக்கிறேன். கதவோரத்து ரப்பர் பட்டி (பீடிங்) இப்போதைக்கு வேண்டாம்; பெயின்ட் நன்றாக இறுகட்டும்.